கல் கொட்டினால் அடுத்த குப்பம் கரையும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள் சுமார் 15 கிலோமீட்டருக்குள் மாநில எல்லையை மூன்று முறை கடக்கிறார்கள். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கும். பிள்ளைச்சாவடி வந்தால் மறுபடி புதுச்சேரி. காலாப்பட்டு தாண்டியதும் திரும்பவும் தமிழ்நாடு. சாலையோரப் பெயர்ப்பலகைகளைக் கவனிக்காவிட்டால் எது எந்த மாநிலம் என்றே தெரியாது. இந்தச் சாலைக்குக் கிழக்கே, சில நூறு மீட்டர் தள்ளி, முப்பது வருடத்துக்கும் மேலாகக் கடல் அரிப்பும் இதே திசையில் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் புதுச்சேரி நகரத்தின் கடற்கரை போனது. அப்புறம் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். பிறகு எல்லை தாண்டி நடுக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். இப்போது மீண்டும் புதுச்சேரிக்குள் நுழைந்து பிள்ளைச்சாவடி.

இந்த வரிசையைப் பார்த்தாலே விஷயத்தில் பாதி புரிந்துவிடும். கடல் எல்லாக் கரையையும் ஒரே நேரத்தில் தின்னவில்லை. தெற்கே ஒரு இடத்தில் தொடங்கி, ஒவ்வொரு ஊராக, வரிசை தப்பாமல் வடக்கே போயிருக்கிறது. தொடங்கிய இடம் 1986-க்கும் 1989-க்கும் இடையே கட்டப்பட்ட புதுச்சேரி துறைமுகம். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் கடலுக்குள் நீட்டிய இரண்டு கல் சுவர்கள்.

கடல் அரிப்பு என்றதும் நமக்குப் புயலும் கொந்தளிப்பும்தான் நினைவுக்கு வரும். புயல் ஒரே இரவில் கரையைச் சுரண்டிப் போடும், உண்மைதான். ஆனால் அந்த மணலில் பெரும்பகுதி கரைக்கு அப்பால் சற்றே ஆழத்தில் ஒரு மேடாகப் படிந்து கிடக்கும். அடுத்து வரும் அமைதியான மாதங்களில் சிறிய அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும். கிழக்குக் கரையில் வளர்ந்தவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒடுங்கும் கடற்கரை மாசி, பங்குனியில் விரிவதைப் பார்த்திருப்பார்கள். போன மணல் திரும்பி வராமல் போவதுதான் பிரச்சினை. அப்படிப் போனால், கரைக்கு மணல் வந்துகொண்டிருந்த வழியை எங்கோ யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வழி எப்படி வேலை செய்கிறது? அலை பெரும்பாலும் கரையை நேராக மோதுவதில்லை, சற்றுச் சாய்வாக வருகிறது. ஏறும்போது மணலைச் சாய்வாகத் தள்ளிக்கொண்டு போகிறது. வடியும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேராக இறங்குகிறது. ஆக ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் இடம் மாறுகிறது. சோழமண்டலக் கரையில் வருடத்தில் ஏறத்தாழ ஒன்பது மாதம் அலை தெற்கிலிருந்து வந்து மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றின் மூன்று மாதம் தெற்கே தள்ளும். நீரோட்டம் தெற்கிலிருந்து வந்தால் தெண்டி, வடக்கிலிருந்து வந்தால் வன்னி என்று சென்னை ஊரூர் குப்பத்துப் பக்கம் மீனவர்கள் பிரித்துச் சொல்வார்கள். எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும் என்பது அவர்கள் கணக்கு. பொறியாளர்களின் கணக்கு வேறு: வடக்கே சுமார் 6 லட்சம் கன மீட்டர், தெற்கே சுமார் 1 லட்சம் கன மீட்டர். கழித்தால் வருடத்துக்கு 5 லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது.

5 லட்சம் கன மீட்டர் என்றால் எவ்வளவு? வீடு கட்டியவர்களுக்குப் புரியும்படி சொல்வதானால், ஒரு யூனிட் மணல் 100 கன அடி. மூன்று யூனிட் பிடிக்கும் லாரியில் ஏற்றினால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 59,000 லோடு. ஞாயிறு, தீபாவளி என்று பார்க்காமல் தினமும் 160 லோடு. இத்தனை மணலும் சத்தமில்லாமல், கூலியில்லாமல், கரையோரமாகவே வடக்கே போய்க்கொண்டிருந்தது.

அதன் குறுக்கே ஒரு சுவரை நீட்டினால் நடப்பது வாய்க்கால் பாசனத்தில் நடப்பதுதான். தலைமடைக்காரன் மடையை அடைத்தால் அவன் வயலில் தண்ணீர் தேங்கும், கடைமடை காயும். துறைமுகத்தின் தெற்குச் சுவரை ஒட்டி, வீராம்பட்டினம் பக்கம், மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே அலைகள் வழக்கம்போல மணலை எடுத்துப்போயின. எடுத்துப்போன இடத்தை நிரப்ப வர வேண்டிய மணல் மட்டும் வரவில்லை. சில வருடங்களில் கடற்கரைச் சாலைக்கு எதிரே இருந்த மணல்வெளி காணாமல் போனது. காந்தி சிலைக்கு முன்னால் மணலில் விளையாடியதை ஒரு தலைமுறை நினைவிலிருந்து சொல்லும். அடுத்த தலைமுறைக்கு அங்கே கருங்கல் குவியல்தான் கடற்கரை.

இது யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. துறைமுகத் திட்டத்திலேயே தெற்கே சேரும் மணலை இறைத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு இருந்தது. சுவர் கட்டினார்கள், மணல் இறைக்கும் வேலை பெயரளவில் நடந்து நின்றுபோனது. அதைவிடப் பெரிய சாட்சி 150 கிலோமீட்டர் வடக்கே, அதற்கும் நூறு வருடம் முன்பே நின்றுகொண்டிருந்தது. சென்னைத் துறைமுகம்.

சென்னைத் துறைமுகத்தின் வேலை 1876-ல் தொடங்கியது. 1881-ல் ஒரு புயல் அந்தச் சுவர்களைப் பிய்த்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். துறைமுகத்துக்கு முன்பு கடல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வெகு அருகில் இருந்தது. சுவர் வந்த பிறகு தெற்கே மணல் சேரச் சேரக் கடல் பின்வாங்கியது. அப்படிச் சேர்ந்த மணலைப் பார்த்துத்தான் 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே ஒரு நடைபாதை அமைத்து மெரினா என்று பெயர் வைத்தார். இன்று நாம் பெருமையாகச் சொல்லும் அகலமான மெரினா, பாதிக்கு மேல் துறைமுகச் சுவர் பிடித்துவைத்த மணல். கூவம் முகத்துவாரம் அடிக்கடி மணல்மேடு விழுந்து அடைத்துக்கொள்வதற்கும் அதே மணல் ஒரு காரணம். மழைக்காலத்துக்கு முன் பொக்லைனை இறக்கி முகத்துவாரத்தைத் திறந்துவிடும் வேலை வருடா வருடம் நடக்கிறது. ஒரு பக்கம் வீடுகள் கடலுக்குள் போவதும் இன்னொரு பக்கம் ஆற்று வெள்ளம் வடிய வழியில்லாமல் ஊருக்குள் நிற்பதும் ஒரே மணலின் இரண்டு விளைவுகள். ஆனால் அரசாங்கக் கோப்பில் அரிப்பும் வெள்ளமும் தனித்தனித் தலைப்பு.

மெரினா பெற்றதை ராயபுரம் இழந்தது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று தெருத் தெருவாகக் கடல் எடுத்துக்கொண்டது. வட சென்னையில் நூறு வருடமாக இது நடந்தும் புதுச்சேரியில் அதே போன்ற சுவரை, அதே போன்ற கரையில் கட்டினார்கள். வட சென்னைக்காரர்கள் இழந்தது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை, மெரினா மட்டும் பட்டது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

சரி, அரிப்பு தொடங்கிவிட்டது, வீடுகள் சரிகின்றன, மீனவர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள். அரசு என்ன செய்யும்? கல் கொட்டும். அதைக் குறை சொல்வது சுலபம். ஆனால் இன்று இரவு வீடு விழப்போகிறது என்று நிற்கிறவரிடம் மணலோட்டக் கணக்கைப் பேச முடியாது. கல்லைக் கேட்பவர்களும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. லாரி வருவது கண்ணுக்குத் தெரிகிறது, கல் கொட்டுவது காதுக்குக் கேட்கிறது, அந்த வீடு அந்த வருடம் நிற்கிறது.

அந்தக் கல் சுவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மணல் சரிவில் ஏறும் அலை, ஏற ஏறத் தன் பலத்தை இழக்கிறது. கொஞ்சம் தண்ணீர் மணலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கல்லில் மோதும் அலைக்கு அப்படி இழக்க இடமில்லை. பலத்தில் ஒரு பகுதியோடு திரும்பி, சுவரின் காலடியில் இருக்கும் மணலைக் கிளறி எடுத்துப்போகிறது. காலடி ஆழமாக ஆக, அடுத்து வரும் அலை கரைக்கு இன்னும் அருகில் வந்து, இன்னும் பெரிதாக உடைகிறது. கற்களின் இடுக்கு வழியாக உள்மணலும் உறிஞ்சப்படுகிறது. ஓரிரண்டு மழைக்காலத்தில் முன்வரிசைக் கற்கள் சாய்ந்து மண்ணுக்குள் இறங்கும். மேலே புதுக் கல் கொட்ட வேண்டும். அடியில் ஜல்லியும் துணியும் விரித்து முறையாகக் கட்டிய சுவர் கூடுதல் காலம் நிற்கும் என்றாலும், சுவருக்கு முன்னால் மணல் தங்காது என்பது மட்டும் மாறாது. சுவர் காப்பாற்றுவது பின்னால் இருக்கும் சாலையையும் கட்டடத்தையும். கடற்கரையை அல்ல.

சுவர் முடியும் இடம் இன்னும் மோசம். அதுவரை கல்லில் தட்டுப்பட்டுப் பட்டினியாக வந்த நீரோட்டம், கல் இல்லாத முதல் இடத்தில் தனக்கு வேண்டிய மணலை எடுத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நின்றால் ஆள் உயரத்துக்கு நெட்டாக வெட்டுப்பட்ட மண்கரை, வேர் வெளியே தொங்கும் தென்னைகள், ஒரு காலத்தில் வீட்டுக்குப் பின்புறம் இருந்து இன்று அலைக்குள் தனியாக நிற்கும் உறைகிணற்றின் சிமெண்ட் வளையங்கள் எல்லாம் பார்க்கலாம். அந்த ஊரும் மறியல் செய்யும். அங்கேயும் கல் வரும். புதுச்சேரிக்கு வடக்கே அரிப்பு ஊர் ஊராகப் போனதற்குத் துறைமுகம் பாதிக் காரணம் என்றால், அதன் பின்னாலேயே ஊர் ஊராகப் போன கல் மீதிக் காரணம்.

தூண்டில் வளைவு இதற்குக் கொஞ்சம் மேல். கரைக்குக் குறுக்காகக் கடலுக்குள் நீட்டப்படும் சிறு சுவர்கள் இவை. ஓடும் மணலில் ஒரு பங்கை இரண்டு சுவர்களுக்கு நடுவே பிடித்துவைக்கும். வட சென்னையில் 2004-ல் சென்னை ஐஐடியின் வடிவமைப்பில் பத்து தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். எண்ணூர் விரைவுச் சாலையைக் கடல் அறுத்துக்கொண்டிருந்த இடங்களில் மணல் திரும்பவும் சேர்ந்தது, படகுகளை ஏற்றி வைக்க இடம் கிடைத்தது. அந்த அளவில் அது வெற்றிதான். ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. வடக்கே போக வேண்டியதைத்தான் நிறுத்திவைக்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே இருக்கும் குப்பம் அடுத்த வளைவைக் கேட்கும். கேட்டார்கள், எண்ணூர் வரைக்கும் வளைவுகள் நீண்டன. தந்திராயன்குப்பத்திலும் வளைவு வந்தது. அதன் வடபுறத்தில் வெளிநாட்டுக்காரர்கள் விரும்பி வந்த மணல்வெளி சுருங்கியது.

தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. நாட்டின் கரையில் சுமார் 34 சதவீதம் அரிபடுகிறது, 27 சதவீதத்தில் மணல் சேர்கிறது, மீதி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிபடுவது சுமார் 43 சதவீதம், புதுச்சேரியில் 56 சதவீதம். இதில் 27 சதவீதக் கணக்கைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாட்டின் கரையில் கால்வாசிக்கு மேல் மணல் கூடிக்கொண்டிருக்கிறது. இடம் மாறித் தேங்கிய மணலும் அதற்குள் இருக்கிறது.

முழுக்க இடம் மாறியதுதான் என்றும் சொல்லிவிட முடியாது. கரைக்குப் புதிதாக மணல் கொண்டுவருபவை ஆறுகள். 1934-ல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து காவிரியின் மணலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னாலேயே தங்குகிறது. பாலாறு, தென்பெண்ணை எல்லாவற்றிலும் தடுப்பணைகள். மிச்சம் இருந்ததை மணல் குவாரிகள் அள்ளின. கடலுக்கு வந்து சேரும் மணல் குறைந்துகொண்டே போகும்போது, இருக்கும் மணலையும் ஓட விடாமல் நூறு இடத்தில் தடுத்தால் என்ன மிஞ்சும்? வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்திருக்கிறது. அது சாதாரண விஷயம் அல்ல, வரும் பத்தாண்டுகளில் எல்லாக் கணக்கையும் கடினமாக்கும். ஆனாலும் வருடத்துக்குப் பல மீட்டர் கரை போன இடத்தில் நின்றுகொண்டு பருவநிலை மாற்றத்தின் மேல் பழியைப் போடுவது, பக்கத்தில் நிற்கும் துறைமுகச் சுவரைப் பார்க்காமல் இருக்க வசதியான வழி.

புதுச்சேரி நகரத்தில் 2018-ல் வேறொரு முயற்சி நடந்தது. சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைப் பாறைத்திட்டை இறக்கியது. எஃகில் செய்த பெரிய பெட்டி, எடை சுமார் 900 டன். நீர்மட்டத்தை ஒட்டி அமிழ்ந்து கிடக்கும் அது, மேலே வரும் அலையை அங்கேயே உடைத்துப் பலத்தைக் குறைக்கிறது. அதன் மறைவில் தண்ணீர் தணிவதால் மணல் படிகிறது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். காந்தி சிலைக்குப் பக்கத்தில் இருபது முப்பது வருடம் கழித்து மக்கள் மணலில் கால் வைத்தார்கள். தெற்கே இன்னொரு திட்டும் திட்டத்தில் இருந்தது.

நன்றாகவே வேலை செய்தது. ஆனால் திட்டின் மறைவில் தங்கும் மணலும் வடக்கே போக வேண்டிய மணல்தான். துறைமுகத்தின் தெற்கே தேங்கியதை எடுத்து வந்து முதலில் அந்த இடத்தை நிரப்பிவிட்டால், அதற்குப் பிறகு வருவது தாண்டிப் போகும், வடக்கே பாதிப்பு இல்லை. நிரப்பாமல் விட்டால், நகரத்துக்குக் கிடைத்த கடற்கரை கோட்டக்குப்பத்துக் கணக்கிலிருந்து கழிந்தது என்று ஆகும். கருவி எதுவானாலும் கடைசியில் கேள்வி மணலுக்கே வந்து நிற்கிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து என்ற இரண்டு மாநிலங்களின் எல்லையில் ட்வீட் என்ற ஆறு கடலில் கலக்கிறது. அங்கேயும் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, அங்கேயும் வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். 1960-களின் தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் அரசு படகுப் போக்குவரத்துக்காக முகத்துவாரச் சுவர்களை நீட்டியது. எல்லைக்கு வடக்கே இருந்த குயின்ஸ்லாந்தின் கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் அரிபட்டன. புதுச்சேரி, தமிழ்நாடு கதை அச்சு அசலாக. முப்பது வருட இழுபறிக்குப் பிறகு 1990-களில் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, சட்டம் இயற்றி, செலவைப் பங்கிட்டுக்கொண்டன. 2001-லிருந்து ஆற்றின் தெற்கே ஒரு பாலம் போன்ற அமைப்பு கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் அடியில் இருக்கும் பம்புகள் மணலை உறிஞ்ச, அது ஆற்றுக்கு அடியில் போகும் குழாய் வழியாக வடகரைக்குப் போய்ச் சேருகிறது. சுவர் அப்படியே இருக்கிறது, துறைமுக வாயும் திறந்திருக்கிறது, மணலும் போகிறது. குழாய் திறக்கும் இடத்தில் அலை இவ்வளவு அழகாக உடைய ஆரம்பித்தது, உலகத்தின் அலைச்சறுக்கு வீரர்கள் எல்லாம் அங்கே கூடுகிறார்கள். அதே கோல்ட் கோஸ்டில் இன்னும் வடக்கே, நெராங் ஆற்று முகத்துவாரத்தில், இப்படி ஒரு நிரந்தர ஏற்பாடு 1986-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. புதுச்சேரியில் துறைமுக வேலை தொடங்கிய அதே வருடம்.

பணக்கார நாடு, அவர்களால் முடியும் என்று சொல்லலாம். ஆனால் நாமும் மலிவாக ஒன்றும் செய்யவில்லை. கல் ஒருமுறைச் செலவு என்று கணக்கு எழுதுகிறோம். அது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவு. துறைமுக வாயில் மணல் அடைத்து விசைப்படகுகள் தரைதட்டும்போது தூர்வாருவது இன்னொரு செலவு. மணலை எடுக்கவும் காசு, மணல் இல்லாததற்கும் காசு. நெதர்லாந்து 1990-லேயே இதைக் கணக்குப் பார்த்து, கரையை மணல் போட்டே காப்பது என்று முடிவெடுத்தது. 2011-ல் ஒரே இடத்தில் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கொட்டி, அலை அதைத் தானே பரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை; இருப்பதை ஓட விட்டாலே பெரிய விஷயம்.

இதைச் செய்யாமல் விட்டால் துறைமுகமே பயனில்லாமல் போகும் என்பதற்கு இலங்கையின் ஒலுவில் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் டென்மார்க் கடனுதவியோடு கட்டி 2013-ல் திறந்த துறைமுகம். வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையில் தென்னந்தோப்பும் மீனவர் வாடிகளும் கடலுக்குள் போயின. துறைமுக வாயில் மணல் அடைத்துப் படகுகள் உள்ளே வர முடியாமல் போனது. அந்தப் பக்கத்துத் தமிழ் பேசும் மீனவர்களுக்குத் துறைமுகமும் கிடைக்கவில்லை, கரையும் மிஞ்சவில்லை.

கரை என்றால் மீனவர்களுக்கு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். நகரத்துக்காரர்களுக்கு அது மாலையில் நடக்கும் இடம். கரைவலை இழுக்கிறவர்களுக்கு, முப்பது நாற்பது பேர் வடத்தைப் பிடித்துப் பின்னால் நடக்க அகலமான மணல் வேண்டும். கல் குவியலில் கரைவலை இழுக்க முடியாது. பைபர் படகை ஏற்றி வைக்க வேண்டும், வலை உலர்த்த வேண்டும், பெண்கள் கருவாடு காய வைக்க வேண்டும், ஏலம் நடக்க வேண்டும். கரை போன குப்பங்களில் படகைத் தொலைவில் இருக்கும் துறைமுகத்தில் விட்டுவிட்டு வண்டியில் போய்வருகிறார்கள். கல் சுவருக்குப் பின்னால் வீடு பத்திரமாக இருக்கலாம், ஆனால் தொழில் செய்ய இடம் போய்விட்டது.

வெள்ளத்துக்கும் முதல் காவல் இதே மணல்தான். வங்கக் கடல் புயல் கரையைக் கடக்கும்போது காற்று தண்ணீரைக் குவித்துக் கரைமேல் தள்ளும். சென்னை, புதுச்சேரிப் பக்கம் கடலடி சீக்கிரம் ஆழமாகிவிடுவதால் இந்த எழுச்சி ஓரளவு அடங்கியிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், பாக் நீரிணைப் பகுதியில் கடல் ஆழம் குறைவு என்பதால் தண்ணீர் அதிகம் ஏறும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது இப்படித்தான். புயலே இல்லாமலும் தண்ணீர் ஏறும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து, வானம் தெளிவாக இருக்கும்போதே கரையில் புகுவதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அந்த மாதிரி நாளில்தான் உயிரிழந்தார்கள். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை கரையில் நிற்பவர் காதுக்குப் போய்ச்சேருவது வேறு வேலை.

கரையை ஒட்டிய மணல்மேடுகள் இந்த எழுச்சியை உள்ளே விடாமல் தடுப்பவை. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து காற்றில் வரும் மணலைப் பிடித்துப் பிடித்துக் கட்டிய மேடுகள். 2004 சுனாமியின்போது மேடு அப்படியே இருந்த சில கிராமங்களில் சேதம் குறைவு. கடல் தெரியட்டும் என்று மேட்டை வெட்டிச் சமன் செய்த இடங்களில் தண்ணீர் தடையில்லாமல் உள்ளே போனது. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்ததையும் பலர் எழுதினார்கள். அதில் காட்டின் பங்கு எவ்வளவு, தொலைவின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

தொலைவு என்று வந்தால் சட்டம் வரும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தது, 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்டது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. அலை, வெள்ளம், அரிப்பு மூன்றையும் கணக்கிட்டு வரைந்த ஆபத்துக் கோடு ஒன்று இருக்கிறது. ஆனால் அது பேரிடர்த் திட்டமிடலுக்கு மட்டும், கட்டட அனுமதிக்கு அல்ல என்று அதே அறிவிக்கை சொல்லிவிட்டது. ஆபத்து எங்கே என்று கோடு போட்டுவிட்டு, அதைப் பார்க்காமலே வீட்டு வரைபடத்துக்குக் கையெழுத்துப் போடலாம் என்பது விசித்திரமான ஏற்பாடு.

அப்படியானால் மக்களைப் பின்னால் நகர்த்தலாமே? சுனாமிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு, புது வீடு 200 மீட்டருக்கு அப்பால்தான் என்று சொன்னபோது பல குப்பங்கள் தயங்கின. பிடிவாதத்தால் மட்டும் அல்ல. கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர்கள் தொழிலில் ஒரு பகுதி. இன்னொன்று, நாங்கள் எழுந்துபோனால் இந்த இடத்தில் நாளைக்கு ரிசார்ட் வராது என்று யார் எழுதித் தருவார்கள் என்ற கேள்வி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபுறமும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கேள்வியைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள். விட்டுப்போகும் இடம் படகுக்கும் வலைக்கும் பொது இடமாக ஊர் பெயரிலேயே இருக்கும் என்ற உறுதி இருந்தால், பல இடங்களில் நகர்வதுதான் கல்லைவிட மலிவான, நிலையான வழி.

பசுமைத் தீர்ப்பாயம் 2022-ல், கடற்கரை மேலாண்மைத் திட்டம் ஒன்று வகுக்காமல் கரையில் கல் கட்டுமானங்கள் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தத் திட்டம் மாநில எல்லைப்படி போடப்பட்டால் பிரயோஜனம் இல்லை. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து வடக்கே மணல் எதுவரை போகிறதோ அதுவரை ஒரே கணக்காகப் போட வேண்டும். அதற்குப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவையில்லை. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குப்பத்திலும் கரையின் அகலத்தையும் கடலடி ஆழத்தையும் அளந்து, முடிவை ஊர் பஞ்சாயத்துக்கும் தர வேண்டும். தெற்குச் சுவரில் வருடத்துக்கு எவ்வளவு மணல் தேங்குகிறதோ அவ்வளவும் வடக்கே போயாக வேண்டும் என்பது துறைமுகத்தின் ஆண்டுச் செலவில், மின்கட்டணம் மாதிரி, கட்டாயத் தலைப்பாக வர வேண்டும். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டதன் பலனைப் பார்த்தாகிவிட்டது.

எந்த மணலை எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். துறைமுக வாய்க்குள் வாருவதில் ஆற்றுச் சேறும் நகரத்துக் கழிவும் கலந்திருக்கும். அதைக் கரையில் கொட்டினால் கறுப்பாக நாறும், மீனவர்கள் எதிர்ப்பார்கள், எதிர்ப்பது நியாயமும்கூட. தெற்குச் சுவருக்கு வெளியே கிடப்பது சுத்தமான கடல் மணல். அதை இறைத்துக் குழாயில் ஏற்றி எங்கே திறந்துவிடுவது? நகரத்துக்கு எதிரே கொஞ்சம் விட்டாலும், இழப்பு அதிகம் இருப்பது எல்லைக்கு வடக்கே. குழாயின் ஒரு முனை புதுச்சேரியில், மறுமுனை விழுப்புரம் மாவட்டத்தில். இரண்டு அரசுகளின் கடலோர மண்டல ஆணையங்களும் ஒரே கோப்பில் கையெழுத்திட்டால்தான் அது ஓடும்.